பச்சையாகிப்போன காது வில்லைகள்

வில்காரா,
மார்ச் 9, ஞாயிறு.

அன்புள்ள ரோவீனாவுக்கு,

கெரின் எழுதுகிறேன். டார்வினில் மழை குறைந்து, ஆஸ்பத்திரியில் உனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஒரு சொட்டு இல்லை. புல்லெல்லாம் சாக்கு நிறம். நேற்று முதியோர் இல்லத்துக்குப் போய் உன் அப்பாவைப் பார்த்தேன். வலது கை இன்னும் எழும்பவில்லை. ஆனால் நான் கொண்டுபோன கேக்கை இடது கையாலேயே ஒரு துணுக்கு விடாமல் முடித்தார்.

போனில் சொல்வதை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போன் ஆபீஸ் கொடுத்தது. அதில் எதை யார் பார்க்கிறார்கள் என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

உன் அம்மா ஆடுகளை மொத்தமாக விற்றுத்தரச் சொல்லி என் முதலாளி, ஆட்டுத் தரகர் க்ளைவிடம் ஒப்படைத்தது உனக்குத் தெரியும். க்ளைவ் பட்டிக்குப் போய்ப் படம் எடுத்து வருவார். அவற்றைத் திருத்தி விற்பனைப் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. காய்ந்த தரையைக் கண்டால் வாங்க வருகிறவருக்கு மனசு வராது என்று புல்லைக் கொஞ்சம் பச்சையாக்குவோம். ஒவ்வொரு படமாக உட்கார்ந்து செய்ய முடியாது. ஒரு படத்தில் செய்து காட்டினால் போட்டோஷாப் அந்த வேலைகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் மீதிப் படங்கள் எல்லாவற்றுக்கும் தானே செய்துவிடும்.

அந்த வரிசையில் ஒன்று, ஆட்டை ஒதுக்கிவிட்டுத் தரையை மட்டும் தேர்ந்தெடுப்பது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன டிக் இருக்கும். டிக்கை எடுத்துவிட்டால் அந்த வேலை மட்டும் நடக்காது. அப்போது தரை, ஆடு என்று பாராமல், படத்தில் மஞ்சளாக இருப்பதெல்லாம் பச்சையாகிவிடும்.

உன் அம்மாவின் ஆடுகளுக்குக் காதில் என்ன நிற வில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள். பிறந்த வருஷத்துக்கு ஒரு நிறம் என்ற கணக்கில் அது மூன்று வயது. விற்பனைப் பக்கத்தில் அவை பச்சை வில்லையோடு நிற்கின்றன. பச்சை போட்ட ஆட்டுக்கு ஐந்து வயது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் படத்துக்குக் கீழே மூன்று வயது என்றே எழுதியிருக்கிறது.

பேக்கரியில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் உன் அம்மாவைப் பற்றிப் பேசித்தான் எனக்கே தெரிந்தது. "நோரீனுக்குக் கண்ணாடி மாத்தணும்பா, அஞ்ச மூணுன்னு படிக்கிறா" என்றார் ஒருவர். "அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நமக்குத்தான் இல்லைன்னு நெனைச்சுட்டா" என்றார் மற்றவர். இருவரும் சிரித்தார்கள். முப்பது வருஷமாக உன் அம்மாவிடம் கண்ணை மூடிக்கொண்டு ஆடு வாங்கியவர்கள் இவர்கள்.

ஆபீஸுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். டிக் இல்லை. என் கைதான் பட்டிருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். டிக்கைப் போட்டு, எல்லாப் படங்களையும் திரும்பச் செய்து, மஞ்சள் வில்லையோடு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பழையபடி பச்சை. டிக்கும் போயிருந்தது. ரோவீனா, அந்த ஆபீஸுக்குச் சாவி இரண்டே பேரிடம்தான் இருக்கிறது.

க்ளைவிடம் கேட்க எனக்கு மத்தியானம் வரை தைரியம் வரவில்லை. கேட்டதும் சிரித்தார். "கம்ப்யூட்டர் பண்ற கூத்துக்கு நான் என்னம்மா பண்றது, பட்டதாரி? அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்" என்றார். நான் திரும்பியபோது, "ஆமா, உங்கப்பா இந்த சீசனும் வாரன் கொட்டகையிலதானே கம்பளி வெட்டறார்?" என்று விசாரித்தார். அப்போது சிரிக்கவில்லை.

வாரன் யாரென்று உனக்குத் தெரியும், க்ளைவின் மச்சான். உன் அம்மாவின் ஆடுகளை யாரும் கேட்காததால் அத்தனையையும் கிழட்டு ஆட்டு விலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்திருப்பவரும் அவர்தான். பெரிய உபகாரம் போல க்ளைவ் அதை ஊரெல்லாம் சொல்கிறார். வாங்கிய மறுநாள் வாரன் பட்டியில் நிற்கப்போவது மூன்று வயது ஆடுகள். இந்த விற்பனையில் வாரனின் ஆடுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் மஞ்சள் வில்லைதான். அவை மஞ்சளாகவே நிற்கின்றன.

நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம். அதையும் பலமுறை யோசித்துவிட்டேன். என் அம்மாவிடம் சொன்னதற்கு, "வெயில்ல நிக்காம சம்பாதிக்கிற வேலை நம்ம வீட்டுக்கே இப்பத்தான் வந்திருக்கு, பாத்துக்கடி" என்றாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை உன் அம்மாவிடமே சொல்லிவிடலாம் என்று போனேன். டீ போட்டுக் கொடுத்தார். க்ளைவ் விறகு கொண்டுவந்து போட்டதையும், உன் அப்பாவைப் பார்க்கக் காரில் கூட்டிப்போவதையும் சொல்லிச் சொல்லி, "அந்த மாதிரி மனுஷன் கெடைக்கணுமேடி" என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவர், "ஏண்டி கண்ணு, சர்ச்சுல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க. நான் யாரை என்ன சொன்னேன்?" என்று கேட்டார். வெயிலுக்கு எல்லாரும் மின்விசிறி பக்கம் போய்விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேமராவில் எடுத்தபடியே, யாரும் கை வைக்காத இரண்டு படங்களை அச்செடுத்து இதனுள் வைத்திருக்கிறேன். 22-ஆம் தேதி சனிக்கிழமை வாரன் வீட்டில் கையெழுத்து. அதற்கு முன் லீவு சொல்லிவிட்டு வந்துவிடு. வெளியூர்த் தரகர் ஒருவரை அழைத்துவந்து பல்லைப் பார்த்து ஆடுகளின் வயதைச் சொல்லச் சொல். பல்லில் யாரும் நிறம் மாற்ற முடியாது. விலை கூடக் குறைய ஆகட்டும். உன் அம்மா பொய் சொல்லவில்லை என்பதை ஊர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

உனக்கு லீவு கிடைக்காவிட்டால் கையெழுத்தன்று நானே போய் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, பாதியில் அழுதுவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அழுதுகொண்டாவது சொல்லிவிடுவேன். ஆனாலும் நீ வந்துவிடு, ரோவீனா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
கெரின்