ஐந்தாவது ஆள்

என்னங்க,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கப்பலில் ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

ஒன்பது வயதிலேயே இறந்துபோன உங்கள் தம்பியின் பெயரைத்தான் நம் பையனுக்கு வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். நீண்ட ஆயுள் உள்ளவன் என்று அர்த்தமும் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லப் பயந்து, இந்த ஐந்து வருடமும் அவனைச் 'சுண்டு' என்றே கூப்பிட்டேன். போனில் நீங்களும் 'கண்ணு'தான், கவனித்தீர்களா?

இன்று பள்ளியில் முதல் நாள். டீச்சர் அந்தப் பெயரை வாசித்ததும் நான்கு பையன்கள் எழுந்தார்கள்.

"இந்தப் பேருக்கு இப்ப அவ்வளவு மவுசு. அஞ்சாவது ஆளு எங்கப்பா?" என்றார்.

நம் பிள்ளையும் கழுத்தை வளைத்து வளைத்து அந்த ஐந்தாவது ஆளைத் தேடினான்!

நால்வரும் கொழுகொழுவென்று, பென்சிலுக்கு அடித்துக்கொண்டு, நன்றாகவே இருந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே நின்றபடி வகுப்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக அந்தப் பெயரை உரக்கச் சொன்னேன். நான்கு தலைகள் திரும்பின.

"யாரைம்மா கூப்பிடுற?" என்றான் நம்மவன்.

"உன்னைத்தான்டா."

வீட்டுக்கு வந்ததிலிருந்து காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். "சும்மா சும்மா கூப்பிடாதம்மா" என்று எரிந்து விழுகிறான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியைப் பார்த்தேயிராத அவன் அண்ணி