ஒடிந்த கிளைக்கு என்ன நிறம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், சபைக்குத்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது வேலை வேலை என்று நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறாயா. உன் கடிதம் கைக்கு வந்து நாளாகிறது. ரெண்டு பேருக்கும் லீவு கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு வரலாமா, இல்லை விடுதியில் ரூம் எடுத்துக்கொண்டு அம்மாவையும் தம்பியையும் மட்டும் வெளியே எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பட்டுமா என்று கேட்டிருந்தாய். பெற்ற வீடு இருக்கிற ஊரில் பிள்ளைக்கு விடுதியா என்று எனக்கு வயிறு எரிந்தது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, அப்பாவின் முகம் பார்த்துக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். ஆனால் அப்பாவுக்கு இப்போது வீட்டு விஷயம் பேச நேரமில்லை, இஸ்ரவேல் விஷயமாக அலைந்துகொண்டிருக்கிறார். சிரிக்காதே, உண்மையைத்தான் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். ஞாயிறு பள்ளி அறையின் சுவர் ஈரம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்ததே, நீ பாடம் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே பிள்ளைகள் அதை நகத்தால் சுரண்டித் தின்னப் பார்க்கும், அந்தச் சுவரைப் புதிதாகப் பூசினார்கள். வெறும் சுவராக விடவேண்டாம், ஒரு படம் வரையலாம் என்று கமிட்டி தீர்மானித்தது. போதகர், வேதத்தில் பவுல் ரோமருக்கு எழுதினபோது சொன்ன அந்த ஒலிவ மரத்தை வரையலாம் என்றார். நல்ல மரம், அதில் சில கிளைகள் ஒடிந்துபோய், அந்த இடத்தில் காட்டு ஒலிவக் கிளைகள் ஒட்டப்பட்டிருக்கும் மரம். ஒடிந்தது கிறிஸ்துவை விசுவாசிக்காத இஸ்ரவேலர், அதாவது யூதர், ஒட்டப்பட்டது நம்மைப் போன்ற வெளியாட்கள். ஒலிவ மரத்தை நம்மில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, பெயிண்டர் எண்ணெய் பாட்டிலின் லேபிளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். அவர் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர், எந்தச் சபைக்கும் போகாத மனுஷன். மரம் பாதி முளைத்திருந்தபோது ஏணியில் நின்றபடி, ஒடிஞ்ச கிளையை எங்கே போடறது, கீழே விழுந்து கிடக்கிற மாதிரி வரையவா வேண்டாமா என்று கேட்டார். வாயைத் திறந்து கேட்டது அவ்வளவுதான். நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெரிய பெரிய வேதபண்டிதர்கள் அடித்துக்கொண்ட கேள்வி அது என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

நம் அடிக்குறிப்பு மாமா அங்கே இருந்தார். அவரை நீ மறந்திருக்க மாட்டாய், பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கிறவர், சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்குச் சிநேகிதர், வேதம் வாசிக்கச் சொன்னால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து வாசித்து ஆராதனையை நீட்டுகிறவர். விழுந்த கிளையே வேண்டாம் என்றார். கிறிஸ்து வந்த பிறகு இஸ்ரவேல் என்று தனியாக ஒன்று இல்லை, விசுவாசிக்கிறவன் எவனோ அவனே ஆபிரகாமின் பிள்ளை, வாக்குத்தத்தம் எல்லாம் சபையின் கைக்கு வந்தாயிற்று, மரம் ஒன்றுதான், அதை மட்டும் வரை என்றார். அப்பா விடுவாரா. தமக்கென்று ஒரு தரம் தெரிந்தெடுத்த ஜனத்தைக் கடவுள் தள்ளமாட்டார், கொடுத்த வாக்கைப் பிடுங்கிக்கொள்ளமாட்டார், ஒடிந்த கிளையை எடுத்து மறுபடி அதே மரத்தில் ஒட்டவும் அவருக்குத் தெரியும், அதனால் கிளை கீழே கிடக்கட்டும், ஆனால் பச்சையாகக் கிடக்கட்டும் என்றார். விழுந்த கிளை எப்படிய்யா பச்சையா இருக்கும் என்று மாமா கேட்க, பச்சை பெயிண்ட் அடிச்சா பச்சையாத்தான் இருக்கும் என்று அப்பா சொல்ல, பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். ரெண்டு பேர் பக்கமும் வசனம் இருக்கிறது, அதுதான் தொல்லை. ஒருத்தர் பக்கம் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு சபை ரெண்டாகப் போயிற்று. அப்பா ஆட்களுக்குப் பச்சைக் கட்சி என்றும் மாமா ஆட்களுக்கு ஒரே மரக் கட்சி என்றும் பேர். நேரில் சண்டை போட்டால் பாவம் என்று எல்லாரும் ஜெபத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே உம்முடைய வார்த்தையை முழுசாக வாசிக்காதவர்களுக்கு வெளிச்சம் தாரும் என்பார், அடுத்தவர் உடனே எழுந்து, வாசித்தும் விளங்காதவர்களுக்கும் தாரும் என்பார், ஆமென் மட்டும் அவரவர் ஆட்கள் சொல்வார்கள். பெண்கள் சங்கத்தில் டீ ஆறிப்போகிறது. நம் ஊரில் ஒரு யூதர் கூடக் குடியிருக்கவில்லை, இருந்திருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களைத் தள்ளிவிட்டாரா இல்லையா என்று அவரையே கேட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை, ரெண்டு கட்சியும் சேர்ந்து என்னை முறைத்தது அந்த ஒரு தடவைதான். இதற்கு நடுவில் மாமாவின் தையல் மிஷினில் தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. இந்த ஊரில் அந்தப் பழைய மிஷினைத் தொடத் தெரிந்த கை அப்பாவுடையதுதான், ஆனால் கொள்கையை விட்டு நம் மிஷின் ரிப்பேர் கடைப்படி ஏறுவாரா மாமா. மாமா வீட்டு அத்தைதான் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். அப்பாவும் யாருடைய மிஷின் என்று தெரியாத மாதிரியே ஷட்டிலைக் கழற்றி, எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றிக் கொடுத்தார். ஆனால் வேலை முடிகிற வரைக்கும் அப்பா ஆபிரகாமைப் பற்றிப் பேசுவதை அத்தை கேட்டுக்கொண்டிருக்கவேண்டியிருந்தது. இப்போது கடைக்கு ஊசி வாங்க வருகிறவர்களுக்கும் அதே கதிதான்.

இதையெல்லாம் நான் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. தெரிந்தெடுத்த பிள்ளையைத் தகப்பன் தள்ளமாட்டான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற இந்த மனுஷன்தான், எந்தச் சபையிலும் பேர் இல்லாத ஒருவரை நீ பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டாய் என்பதற்காக, ஆறு வருஷமாக உன் பேரை வாயில் எடுக்காதவர். நீ பிறந்த வருஷம் ஆசை ஆசையாக உன் பேரை வைத்த கடைக்கு, அதே பெயிண்டரைக் கூப்பிட்டு உன் பேரை அழித்துத் தம்பி பேரை எழுதவைத்தவர். யாராவது புதிதாக வந்து பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், ஒரே பையன் என்பார், பக்கத்தில் நிற்கிற தம்பி தலையைக் குனிந்துகொண்டு பாபினில் நூல் சுற்றுவான். ஒரு ஞாயிறு போதகர், நாம் எல்லாரும் ஒருகாலத்தில் காட்டுக்கிளைகள்தான், ஒட்டப்பட்டதில் பெருமை பாராட்டாதிருங்கள் என்று பிரசங்கித்தபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து அப்பா ஆட்டின தலையாட்டல் எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. மாப்பிள்ளை நினைப்பு வந்தது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கடைசியில் போதகர் பொறுக்கமுடியாமல், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கூட்டம் வைத்தார். ரெண்டு பேரும் ஒருதரம் பேசட்டும், அதோடு விடுவோம் என்றார். அடிக்குறிப்பு மாமா முதலில் பேசினார், நன்றாகவே பேசினார், பொய் சொல்லக்கூடாது. பிறகு அப்பா எழுந்தார். வசனம் வசனமாகக் கொண்டுபோய், கடைசியில் கையை உயர்த்தி, மூத்த பிள்ளை அடங்காமப் போச்சுன்னா, பெத்தவன் அது பேரை அழிச்சிட்டு அடுத்த பிள்ளை பேரை எழுதி வச்சிடுவானா, அப்படிப்பட்டவனா நம்ம பிதா என்று கேட்டார். மகளே, நம் கடை போர்டைப் பார்க்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள், சிலர் செருப்பைப் பார்த்தார்கள், பெண்கள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பதில் சொல்லவேண்டியது மாமா. ஒரு கமாவைக்கூடச் சும்மா விடாத மனுஷன், எழுந்து நின்று அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கு இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். போதகர் அவசர அவசரமாக ஜெபித்துக் கூட்டத்தை முடித்தார்.

வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், பார்த்தியா, அடிக்குறிப்பு வாயடைச்சுப் போனான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன். தம்பி பின்னால் வந்தான். வீட்டில் உப்பு இல்லை என்றால்கூட வாய் திறக்காத பிள்ளை, மெதுவாக, அவர் பதில் இல்லாம உக்காரலைப்பா, பதில் நம்ம கடை வாசல்லயே தொங்குது, அதைச் சொல்ல வேண்டாம்னுதான் உக்காந்தார் என்றான். அப்பா நடு ரோட்டில் நின்றுவிட்டார். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து அடித்து, கடைசியில் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு, கடவுள் வேற மனுஷன் வேற என்று சொல்லிவிட்டு நடந்தார். கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால், தன் உவமையைத் தானே உடைத்துக்கொண்டார் என்று ஒரே மரக் கட்சிக்காரர்கள் கைதட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து நான் அடுப்படியில் நின்று அழுதேன், துக்கத்தால் அல்ல, ஆறு வருஷமாக ஒருத்தரும் சொல்லாததை அந்த ஊமைப்பிள்ளை சொல்லிவிட்டானே என்றுதான். உன்னைப் பார்க்காமல் எனக்கு இருக்கமுடியவில்லை, அதை எழுதக் கூச்சமாக இருந்தது, இப்போது எழுதிவிட்டேன்.

மறுநாள் துணிந்து அப்பாவிடம் நீ வர விரும்புவதைச் சொன்னேன், விடுதி சமாசாரத்தையும் சொன்னேன். காது கேட்காதவர் மாதிரி ஒரு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே இருந்தார், அது முன்பே முடுக்கியாயிற்று. ரெண்டு நாள் ஒருத்தருக்கும் இஸ்ரவேல் பாடம் நடக்கவில்லை. நேற்று அடிக்குறிப்பு மாமா, கடையின் முன்வாசல் வழியாகவே, மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்கே தெரியும். அப்பா அதைப் பிரித்தார், மாமா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார், ஒலிவ மரம் பற்றி ரெண்டு பேரும் மூச்சு விடவில்லை. பெரியவ எப்படி இருக்கா என்று மாமாதான் கேட்டார். அப்பா நிமிர்ந்து பார்க்காமல், லீவுக்கு வர்றேன்னு எழுதியிருக்கா என்றார். உன் பேரைச் சொல்லவில்லை, ஆனாலும் உன்னைப் பற்றி ஒரு முழு வாக்கியம். வரட்டும் வரட்டும் என்றார் மாமா, அதற்குமேல் அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை. சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பாய், பெயிண்டர் பொறுமையிழந்து இலையை அடர்த்தியாக அடித்துத் தள்ளிவிட்டார், எது ஒடிந்தது எது ஒட்டியது என்று அந்த ஆண்டவர் வந்துதான் சொல்லவேண்டும். ரெண்டு கட்சியும் படம் தங்கள் பக்கம்தான் என்கிறது.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி மறுபடி கசிகிறது, தம்பிக்குப் பெண் பார்க்கலாம் என்றால் அக்கா வரட்டும் என்கிறான். நான் இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்பா நாலு தரம் குறுக்கே நடந்துவிட்டு, இவ்வளவு நேரம் என்ன எழுதறே என்று கேட்டார். சபைச் சண்டையை எழுதுகிறேன் என்றேன். முடிச்சதும் காட்டு, தப்பும் தவறுமா எழுதி மானத்தை வாங்கிடாதே என்கிறார். காட்டத்தான் போகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப்போட்டால் இன்னொன்று எழுதுவேன், கை இருக்கிறது. நீ விடுதிக்கு இன்னும் சொல்லியிருக்காவிட்டால் கொஞ்சம் பொறு. குளிரில் காதை மூடிக்கொள், ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே, மாப்பிள்ளையிடம் அம்மா விசாரித்ததாகச் சொல். புறப்படும் தேதியை மறக்காமல் எழுது. கர்த்தர் உங்கள் ரெண்டு பேருடைய போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா

அப்பா எழுதுவது. உன் அம்மா எழுதியதில் உபதேசம் ரெண்டு இடத்தில் தப்பு, அதைத் தபாலில் திருத்தமுடியாது, நேரில்தான் விளக்கவேண்டும். விடுதியெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வா. நான் மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே என் கட்சி இதுதான்.