ஒட்ட இடமில்லாத சீட்டு

ஜூன் 4

அன்புள்ள மகாராணிக்கு,

நானும் வாண்டுவும் சௌக்கியம். நீ அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதிலிருந்து போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் உளறுகிறேன், அதனால்தான் கடிதம்.

நம் மகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை என்று டீச்சர் சொன்னதை நினைத்துக் கவலைப்படாதே. கடையில் ஒயருக்கு ஒயர் சீட்டு ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கதவு, கட்டில், ஜன்னல், வாளி என்று வீடு முழுக்க எழுதி ஒட்டிவிட்டேன். என் சட்டையில் ‘அப்பா’. அதை எடுக்க மறந்து கடைக்கும் போய்விட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வாண்டு இப்போது எல்லாவற்றையும் கடகடவென்று வாசிக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
எலெக்ட்ரீஷியன்


ஜூன் 19

என்னங்க,

உங்கள் சட்டைச் சீட்டை நினைத்து, குழந்தைகள் வார்டு டூட்டியில் தனியாகச் சிரித்தேன். கூட வேலை பார்க்கும் நர்ஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேலை முடிந்ததும் இங்கே இருக்கும் குழந்தைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டுகிறேன். ஒருத்திக்குத் தினமும் அதே யானைக் கதைதான் வேண்டும். சொல்லுக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வாசிப்பேன். நேற்று என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்து ‘யானை’ என்றாள். பெருமையாக இருந்தது. அப்புறம்தான் வாண்டு நினைவுக்கு வந்தாள். என் பிள்ளைக்கு வாசிக்க வேண்டியதை யார் பிள்ளைக்கோ வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒன்று சொன்னார். சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். வாண்டு வாசிக்கிறாளா, இடத்தைப் பார்த்து ஒப்பிக்கிறாளா என்று தெரிந்துவிடுமாம்.

இன்னொன்று. இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாண்டுவுக்கு முத்தம். மீதி உங்களுக்கு.

உங்கள் மகாராணி


ஜூலை 2

அன்புள்ள மகாராணிக்கு,

அந்த அக்கா கெட்டிக்காரி. வாளியில் ‘கதவு’ ஒட்டினேன். வாண்டு கூசாமல் ‘வாளி’ என்றாள். இத்தனை நாளும் கிளிப்பிள்ளை வளர்த்திருக்கிறேன்.

இப்போது அதையே விளையாட்டாக்கிவிட்டோம். நான் தப்புத் தப்பாக ஒட்டுவேன், அவள் சரியான இடத்துக்கு மாற்றுவாள். முதலில் ‘கட்டில்’ சீட்டில் ‘க’வைப் பார்த்ததுமே கதவுக்கு ஓடினாள். பிறகு அடுத்த எழுத்தையும் பார்த்து நின்று, திரும்பிக் கட்டிலுக்குப் போனாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

வேலை விஷயம் உன் இஷ்டம். இங்கே நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்.

உன்
எலெக்ட்ரீஷியன்


ஜூலை 12

என்னங்க,

வாளிக்கும் கட்டிலுக்கும் அத்தனை வரி. எனக்கு ‘உன் இஷ்டம்’ மட்டும்தானா? நான் இல்லாமலே பழகிவிட்டீர்களா?

கதவு, கட்டில், அப்பா என்று எல்லாம் எழுதினீர்கள். ‘அம்மா’ என்ற சொல் அவளுக்கு வாசிக்கத் தெரியுமா? அதை ஏன் நீங்கள் எழுதவே இல்லை?

பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

வாண்டுவின் அம்மா


ஜூலை 20

அன்புள்ள உனக்கு,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். என் சட்டையில் சீட்டு ஒட்டிய அன்றே வாண்டு, ‘அம்மா’ என்று நான் எழுதி வாசித்துக் காட்டிய சீட்டை என்னிடம் கொண்டுவந்து, "இத எங்கப்பா ஒட்டுறது?" என்று கேட்டாள். உன் போட்டோவில் ஒட்டப் போனேன், அபசகுனமாகப் பட்டது. கடைசியில் சாப்பாட்டு மேஜையில் நீ உட்காரும் நாற்காலியில் ஒட்டினேன். மற்ற சீட்டெல்லாம் இடம் மாறின. அதை மட்டும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் காட்டிய சொல்லையெல்லாம் வாண்டு சரியாக வாசித்தாளாம். ‘அம்மா’வைக் காட்டியதும் ‘நாற்காலி’ என்றாளாம். பிள்ளைகள் சிரித்தும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க வீட்டுல அது நாற்காலிதான்" என்றாளாம்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைப் பிய்த்தேன். வேறெங்கே ஒட்டுவது என்று சமையலறை, படுக்கையறை, கூடம் எல்லாம் சுற்றினேன். ஒட்ட இடமில்லை. இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

சமாளித்துக்கொள்கிறோம் என்று எழுதியது பொய். நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிடு.

உன்
நான்


ஜூலை 29

என்னங்க,

இதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு பேனா மிச்சமாகியிருக்கும். மூடி உடைந்துவிட்டது.

கையெழுத்துப் போடவில்லை. மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். யானைக் கதைப் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டேன், வாண்டுவின் விரலுக்காக.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது. சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், கொஞ்சம் பசையும் வாங்கி வையுங்கள். நான் வாசலுக்கு வந்ததும் அதை அவள் கையில் கொடுங்கள். எங்கே ஒட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவள் நாற்காலியைத் தேடிப் போனால் போகட்டும். நான் போய் அதில் உட்கார்ந்துகொள்கிறேன்.

வாண்டுவின் அம்மா