நடைமேம்பாலத்துக்கு நிதி

அன்புத் தங்கைக்கு,

நீ சாப்பிட்டாயா என்று கேட்கப்போவதில்லை. அம்மா தினமும் போனில் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் நடைமேம்பாலம் கட்ட நிதி வந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி உன் காதில் விழுவதற்குள் நானே எழுதுகிறேன். மாநகராட்சிக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் போடுவதுதானே என் பிழைப்பு. இந்தப் பாலத்துக்காக வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தேன். லாரிகள் வரும் வேகத்தை எழுதினேன், வரைபடம் வைத்தேன். ஒவ்வொரு முறையும் "அவசரத் தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்த முறை நான் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. காவல் நிலையத்திலிருந்து வந்த விபத்து அறிக்கையை உதவியாளர் இணைத்தார். நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று ஆணையர் என் அறைக்கே வந்தார். "இந்தத் தடவை நம்ம கேஸ் ஸ்ட்ராங்கா இருந்துச்சும்மா," என்றார். "அந்தப் பையனோட அம்மா யாருன்னு விசாரிங்க. அடிக்கல் நாட்டுற அன்னைக்கு மேடையில உக்கார வச்சிடலாம்."

புதிதாக வந்தவர், அவருக்குத் தெரியாது. "விசாரிக்கிறேன் சார்," என்றேன்.

அடிக்கல் நாட்டும் அன்றைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடு. வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க நீ வீட்டில் இருக்கக் கூடாது.

உனக்கு வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உன் குட்டியோடு படித்த பிள்ளைகள் இன்று காலையும் அந்தச் சாலையை ஓடித்தான் கடந்தார்கள்.

உன் அக்கா