ரிலேயின் கழுத்தில் உன் பெயர்

துவைக்கப் போடுவதற்காக யூனிஃபார்ம் பேண்ட்டை உதறினேன். பின் பாக்கெட்டிலிருந்து ஒரு ரொட்டி கவர் விழுந்தது. கசங்கி, சுருண்டு, ஓரத்தில் தூள் ஒட்டிய காலிக் கவர். அந்தச் சரசரப்பு கேட்டதும் கதவோரம் படுத்திருந்த நாய், ரிலே, காதைத் தூக்கியது. எழுந்து வாசலைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தது. கவர் சத்தம் கேட்டால் அடுத்து நீ வருவாய் என்று அதற்கு இன்னும் கணக்கு.

பேண்ட் என்னுடையது. கவரும் நான் வைத்ததுதான். இருந்தாலும் துணியை ஊறவைக்காமல் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இப்படி உட்காருவது பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஒரு பழுது என்றால் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பேன், மாற்றுவேன், அடுத்த வேலைக்குப் போவேன். இதில் எங்கே அறுந்தது என்று எனக்குத் தெரியும். மாற்றிப் போடத்தான் ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மண்ணூர் லைன் வீட்டில் வரிசையாக அறைகள், ஒரே வராந்தா, எல்லோருக்கும் ஒரே கேட். நீ திருநெல்வேலிப் பக்கம், நான் காஞ்சிபுரம் பக்கம். ஒரே டிப்ளமோ, ஒரே பிளான்ட்டில் மின் பராமரிப்பு வேலை. ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினாய். டிபன் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாய்க்குட்டி. கேபிள் டிரம்முக்கு அடியில் கிடந்ததாம்.

"இன்னாடா இது, ரூம்ல நமக்கே காலு நீட்ட எடம் இல்ல" என்றேன்.

"இதுக்கு எவ்வளவு எடம்லே வேணும்? காதப் பாரேன்" என்றாய்.

சத்தம் வந்தால் அந்த மடிந்த காது 'டக்'கென்று நிமிரும். சத்தம் நின்றால் படுத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் மின் பேனலுக்குள் ரிலே சுவிட்ச் இழுப்பது போலவே இருந்தது. பெயர் அப்படித்தான் வந்தது.

கழுத்துப்பட்டை வாங்கிய அன்றே கம்பெனி ஸ்டோரில் கேட்டு ஒரு சிவப்பு அட்டையும் கொண்டுவந்தாய். மெஷினில் கை வைக்கும் முன் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, நாம் தொங்கவிடும் அதே அட்டை. 'அபாயம். இயக்காதே. போட்டவர் மட்டுமே எடுக்க வேண்டும்.' கீழே பெயர், போன் நம்பர். அழியாத மையில் உன் பெயரை எழுதி ரிலேயின் கழுத்தில் மாட்டினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாய் என்ன பேனலா என்று கேட்டேன்.

"ஏலே, உள்ள கரண்ட் இருக்குன்னுதான பேர எழுதி மாட்டுதோம். இதுக்கும் பல்லு இருக்குல்லா. ஏதும் ஒண்ணுன்னா யாரப் புடிச்சித் திட்டணும்னு ஊருக்குத் தெரியணும்."

அந்த நேரத்தில் எனக்கு அது வெறும் கூத்தாகத்தான் பட்டது.

காலையில் உன்னோடு நடக்க வந்தால் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். டீக்கடை தாண்டினால் பஸ் நிற்கும் இடம். சுங்குவார்சத்திரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிற ஹாஸ்டல் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த இடம் வருவதற்கு வெகு முன்பே நீ சங்கிலியைக் கையில் சுற்றிச் சுருக்கிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாய். அங்கே நடைபாதை கிடையாது. சேறு, ஜல்லி, உடைந்த பாட்டில். என் ஷூ பாழாகும்.

"எதுக்குடா சுத்திப் போற? இது கடிக்காதுன்னு உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும்லா. அந்தா நிக்கே, பச்சைப் பையி, அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? நம்மளக் கண்டாலே அது தூணுக்குப் பின்னால போயிருது. நாலு பேரு நிக்க எடத்துல நம்ம நாயால ஒரு ஆள் ஒதுங்கி நிக்கப்புடாது."

நான் அதுவரை அந்தப் பெண்ணைக் கவனித்ததே இல்லை. அன்று பார்த்தேன். நீ எதிர்ப்பக்கம் போன பிறகுதான் தூணை விட்டு வெளியே வந்தாள்.

ரிலே எங்கே உட்கார்ந்தாலும் உன் பாக்கெட்டிலிருந்து ரொட்டி கவர் வெளியே வரும். கையில் உறை மாதிரி மாட்டி, அள்ளி, கவரை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுவிடுவாய். டீக்கடைக்காரர் அதைப் பார்த்து ஒருநாள் எல்லோர் காதிலும் விழக் கேட்டார்: "இன்னா சார், டிப்ளமா படிச்சிட்டு நாய்க்கு பாத்ரூம் கழுவினுகீற?"

"ஆமாண்ணே. கம்பெனில கான்ட்ராக்ட்டு, இதுல பெர்மனென்ட்டு."

கடையே சிரித்தது. அவருக்கு டீ புரையேறியது. அதற்குப் பிறகு காலி ரொட்டி கவர்களை அவரே கம்பியில் செருகி உனக்கென்று எடுத்துவைத்தார்.

தடுப்பூசி போட ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனதும் உன் கூத்துதான். நாயை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் அடம்பிடித்தார். அவர் சொல்வதும் சரிதான் என்று நீ அவருக்கே பரிந்து பேசினாய். மற்ற ஆட்கள் இறங்கும்வரை காத்திருந்து, உன் மழைக்கோட்டை சீட்டில் விரித்து, ரிலேயின் வாய்க்கு மூடி மாட்டித் தூக்கி வைத்தாய். மழை பெய்தபோது அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ நாய் நாற்றத்தோடு டூட்டிக்கு வந்தாய். பிளான்ட்டில் யாரும் உன் பக்கத்தில் நிற்கவில்லை.

இனி அந்த மத்தியானம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து நீ வண்டியில் கிளம்பினாய். ஹெல்மெட் போட்டிருந்தாய், நிதானமாகத்தான் போனாய். நான் பின்னால் கம்பெனி பஸ்ஸில். ஒரகடம் சர்வீஸ் ரோட்டில் பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தரையில் கிடந்தது உன் வண்டி.

குறுக்கே பாய்ந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. நன்றாக வளர்ந்த, பளபளக்கும் உடம்பு. கழுத்தில் பட்டை, பட்டையில் சின்ன மணி. சங்கிலி இல்லை, பெயர் இல்லை.

"வூட்டு நாய்பா. பட்டை கட்டிகீது பாரு" என்றார் ஒருவர்.

யாருடைய நாய் என்று நான் கத்தினேன். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு காம்பவுண்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. நாயைக் கூப்பிடுகிற விசில். நாய் அந்தப் பக்கம் ஓடியது. விசிலடித்தவர் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

உன்னோடு உன் ஊர்வரை வந்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து பஸ் பிடித்து மண்ணூர் வந்து சேர்ந்து கேட்டைத் திறந்தபோதுதான் எனக்கு ரிலேயின் நினைவே வந்தது. நமக்கு ஒரே ஷிஃப்ட் விழுகிற வாரங்களில் நிழலில், நீளமான சங்கிலியில் கட்டிவிட்டுப் போவாய் அல்லவா. நீ கடைசியாகக் கட்டிய இடத்திலேயே அது கட்டிக் கிடந்தது. பக்கத்தில் சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே மட்டுமே போகப் பழக்கிய நாய். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், சங்கிலி எட்டுகிற கடைசி மூலையில் போயிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிச் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் காதைத் தூக்கவில்லை.

பக்கத்து அறை முருகேசன்மேல் பாய்ந்தேன். ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்டேன். அவன் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன். திருதிருவென்று விழித்தான்.

"சோறு வெச்சோம்ணா, தண்ணி வெச்சோம். அவுக்கத்தான்... அண்ணன் டேக் போட்டிருக்காரு இல்ல? அவருதான எடுக்கணும்."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் முதல் நாள் பாடமே அதுதான். இன்னொருவன் பெயர் தொங்கினால் தொடாதே. அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்தவர்கள். நீ செத்துப்போனது தெரிந்தும் உன் அட்டையை மதித்திருக்கிறார்கள்.

சங்கிலியை அவிழ்த்தேன். மூலையைக் கழுவினேன். அட்டையை மட்டும் என்னாலும் தொட முடியவில்லை.

லைன் வீட்டு ஓனரம்மா சாயங்காலம் வந்தார். உன் பேச்சை எடுத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரிலேயைப் பார்த்தார்.

"தோ பாருப்பா, அந்தப் புள்ள கேரண்டி குடுத்தான், வுட்டு வெச்சேன். ஒரு நாளு ஒரு வார்த்தை யாரும் சொல்லல. இப்ப யாரு பொறுப்பு? நீ அத்த ஒரு நாளாவது இட்டுனு போயிருக்கியா? எங்கனா ஏரிக்கரையாண்ட வுட்டுட்டு வந்துடு. அங்க பத்தோட ஒண்ணா பொழச்சிக்கும்."

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஏரிக்கரையில் விட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். பட்டையோடு ஒரு நாய், யாருடையதும் இல்லாமல், ஒருநாள் ரோட்டைக் கடக்கும்.

மறுநாள் காலை ரிலேயைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். என் கால் நேராகத்தான் போகும், உனக்குத் தெரியும். பஸ் நிற்கும் இடம் வந்தபோது எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்பது ரிலேவுக்குத்தான் நினைவிருந்தது. அது ரோட்டுப் பக்கம் இழுத்தது, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். சங்கிலி கை நழுவியது. ரிலே மிரண்டு பெண்களுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. ஒரு சாப்பாட்டுப் பை கீழே விழுந்து உருண்டது. எல்லோரும் சிதறினார்கள். பச்சைப் பைக்காரப் பெண் தூணோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"யார்து இந்த நாயி?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்.

மற்றவர்களோடு சேர்ந்து நானும் அக்கம்பக்கம் பார்த்திருக்கலாம். அது எவ்வளவு எளிது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த விசில் சத்தம் காதில் கேட்டது.

"என்னுது" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "என்னோட நாய்தான். தப்பு என்மேல."

சங்கிலியைப் பிடித்து ரிலேயைக் கம்பத்தில் கட்டினேன். கொட்டிய சோற்றைக் கவரில் அள்ளினேன். சாப்பாட்டுக்காரப் பெண்ணுக்கு டீக்கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கிக் கொடுத்தேன். பச்சைப் பைக்காரப் பெண் தூண் பக்கமிருந்தே கேட்டாள்: "அந்த அண்ணன் எதிர்ப்பக்கமாத்தான் போவாங்க. ஊருக்குப் போயிருக்காங்களா?"

"ஆமாம்மா. ஊருக்குத்தான்."

அறைக்கு வந்து ரிலேயை மடியில் இருத்திக்கொண்டேன். போட்டவர் வராதபோது அட்டையை எடுக்கக் கம்பெனியில் ஒரு முறை இருக்கிறதே, அதையே செய்தேன். முதலில் அட்டையில் உள்ள நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். செய்தேன். உன் போன் இப்போது உன் அப்பாவிடம், அவர்தான் எடுத்தார்.

"சாப்ட்டியாய்யா?" என்று கேட்டார். "அந்த நாய்க்குட்டி சாப்ட்டுச்சா? போன் பண்ணா அவன் மூஞ்சியக் காட்ட மாட்டான், அதத்தான் காட்டுவான்."

சாப்பிட்டது என்றேன். என்னோடுதான் இருக்கும் என்றேன்.

அடுத்தது, ஆள் உள்ளே இல்லை என்று உறுதி செய்வது. உன் பாய் சுருட்டி வைத்திருந்தது. உன் ஷூ மூலையில் கிடந்தது. உறுதி செய்துகொண்டேன். அட்டையைப் பிடித்திருந்த கயிற்றைக் கட்டரால் வெட்டினேன். புது அட்டையில் என் பெயர், என் நம்பர். ஓனரம்மாவிடம் ரிலேயை அழைத்துப்போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "கேட்ட ஒழுங்கா சாத்தி வை" என்று மட்டும் சொன்னார்.

உன் அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது, அடையாள அட்டைக்குப் பின்னால். மை கொஞ்சமும் அழியவில்லை. பின் பாக்கெட்டில் ரொட்டி கவர். எதிர்ப்பக்கச் சேற்றில் என் இரண்டாவது ஜோடி ஷூவும் பாழாகிக்கொண்டிருக்கிறது.

அந்த முறையில் கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. போட்டவர் திரும்பி வந்து வேலையில் கை வைக்கும் முன், உன் அட்டையை எடுத்துவிட்டோம் என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

எடுத்துவிட்டேன்டா. நான்தான் எடுத்தேன்.