பதினேழாம் நம்பர் பலகை

பிப்ரவரி 3

அன்பு வாலுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் நலம் என்றுதான் சொல்வாய். போனில் பாட்டு, மேடை என்று பேச்சை எடுத்தாலே "சிக்னல் இல்லைப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜையிலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பத்தாம் வகுப்பு மேட்டில் இரண்டு முறை ஏற முயன்று உருண்டு வந்த வண்டி நான்.

கண் டாக்டர் என் வலது கண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார் என்று சொன்னேன் அல்லவா? பஸ் டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு என்னைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள். இவற்றுக்கெல்லாம் நான்தான் இப்போது அதிகாரி. ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படி வீட்டுக்குப் போகிறான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏப்ரலோடு ஓய்வு. டிப்போ ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் திணித்து, போட்டோ எடுத்து இறக்கிவிடுவார்களாம். நேரத்துக்கு ஓட்டவில்லை என்று என்னை எத்தனை தடவை திட்டியவர்கள்! மேனேஜரிடம், "கடிகாரம் வேண்டாம் சார். மேடையில் கொஞ்ச நேரம் கொடுங்க, கிட்டார் வாசிக்கிறேன்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கட்டாயம் வாசிப்பேன்.

ஆமாம், நீ விட்டுப்போன கிட்டார்தான். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாய். ஒரு வருஷமாகப் பழகுகிறேன், மூன்று கார்டு, அதாவது மூன்று ஸ்வரக் கூட்டு, வந்துவிட்டது. ஆனால் வெறுமனே வாசித்தால் தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. எனவே உன்னைப் போலவே, காலால் மிதித்தால் சத்தத்தை மாற்றும் பெடல் பெட்டிகளை ஒரு பலகையில் அடுக்கப்போகிறேன். கடையில் அதற்கென்றே அலுமினியப் பலகை வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு, "கூடவே வீடும் வருமா?" என்றேன். கடைக்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் டிப்போ பழைய இரும்புக் கிடங்கிலிருந்து எங்கள் வண்டியின் தடப் பலகையை எடுத்து வந்தேன். பதினேழாம் நம்பர். இரண்டு டீயோடு முடிந்தது. பெட்டிகளுக்கு, சிகரெட்டை விட்ட காசு இருக்கிறது. என் நுரையீரல் உன் சங்கீதத்துக்கு நன்றி சொல்லச் சொன்னது.

உன் அப்பா,
ஒற்றைச் செருப்பு அதிகாரி

—

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கிட்டாரைப் பழையபடி பரண் மேல் போட்டுவிடுங்கள். அல்லது விற்றுவிடுங்கள். எனக்கு அது வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

காலேஜ் மேடையில் பாதிப் பாட்டில் என் பெடல் செத்துப்போனபோது நீங்களும் அரங்கத்தில் இருந்தீர்கள். கூட்டம் விட்ட அந்த ஊளைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் இறங்கி ஓடினது யாருக்கும் மறக்கவில்லை. இங்கே ஆபீஸில் கூட ஒருத்தி, "நீ அந்தப் பொண்ணுதானே?" என்றாள். எனக்காவது அப்போது பத்தொன்பது வயது. உங்களைப் பார்த்து அப்படிச் சிரித்தால் என்னால் தாங்க முடியாதுப்பா. கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கௌரவமாக இறங்கி வாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் மருந்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மகள்

—

பிப்ரவரி 21

அன்பு வாலுக்கு,

மருந்து வந்தது. தடவிக்கொண்டு உன் அம்மா முன்பைவிட வேகமாக என்னைத் துரத்துகிறாள்.

சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, முப்பது வருஷமாக நிறைய பேர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "இவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். பிரேக் போட்டால் திட்டு, போடாவிட்டால் பெரிய திட்டு. அதற்கெல்லாம் வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கியிருந்தால் நீ என்ன சாப்பிட்டிருப்பாய்? சிரிக்கட்டும். டிக்கெட் வாங்காமலே சிரிக்கட்டும். நான் வாசிப்பேன்.

வேலை நடக்கிறது. பலகையில் உன் பழைய டிஸ்டார்ஷன் பெட்டியை முதலில் பொருத்தினேன். சத்தத்தைக் கரகரப்பாக்குமே, அதுதான். பெட்டிகள் நகராமல் இருக்க என் பழைய சாண்டல் செருப்பின் வெல்க்ரோ பட்டைகளை வெட்டி ஒட்டினேன், கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அடுத்து, பழைய சாமான் கடையில் ஒரு எக்கோ பெட்டி. மூலை உடைந்திருந்ததால் பாதி விலை. பட்டனை மிதித்தால் ஒரு தட்டு தட்டினது நாலு தட்டாக நகர்ந்து போகிறது. உன் அம்மா, "நீங்க ஒரு தடவை பேசினாலே போதும், எதுக்கு நாலு தடவை?" என்கிறாள்.

எக்கோவுக்குத் தனி அடாப்டர் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய ஒன்றில் ஒன்பது வோல்ட் என்று எழுதியிருந்தது. சொருகினேன். கொஞ்சம் புகை வந்தது. கொஞ்சம்தான். ரேடியோ ரிப்பேர்க்காரர் உள்ளே ஏதோ மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் மறுபடி சொருகப் பயமாக இருக்கிறது. அப்புறம் எக்கோ முதலில், டிஸ்டார்ஷன் பிறகு என்று கோத்தால் சத்தம் குழம்பிய சிமென்ட் மாதிரி வருகிறது. ஏன்?

இதை உன்னிடம் கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

உன் அப்பா,
லேசாகக் கருகியவன்

—

மார்ச் 2

அப்பா,

அந்த அடாப்டரை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. பெட்டியில் சொருகும் முள்ளின் உள்ளே மைனஸ், வெளியே பிளஸ் இருக்க வேண்டும். அதன் மேல் சின்னப் படம் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். உங்களுடையது நேர் எதிராக இருந்திருக்கும்.

கிட்டாரிலிருந்து முதலில் டிஸ்டார்ஷன், அதற்குப் பிறகு எக்கோ. கரகரப்பான சத்தம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். திரும்பக் கேட்பதை எல்லாம் கரகரப்பாக்கினால் சிமென்ட்தான்.

இது உதவி இல்லை. வீடு தீப்பிடிக்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

மகள்

—

மார்ச் 15

அன்பு வாலுக்கு,

வீடு தீப்பிடிக்கவில்லை. நீ சொன்னபடி கோத்ததும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அடடா! குளிர்காலக் காலையில் பதினேழாம் நம்பர் முதலில் முரண்டு பிடித்து, உறுமி, பிறகு சீராக ஓடுமே, அப்படியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு கெட்ட செய்தி. மேனேஜர் கூப்பிட்டு, "அண்ணே, பாட்டுக்கு வெளியிலிருந்து ஆள் வர்றாங்க. நீங்க கடிகாரத்தை வாங்கிட்டு இறங்கிடுங்க. எதுக்கு இந்த வயசுல வம்பு?" என்றார்.

நான், "சார், ஓய்வு பெறுகிறவர் மேடையில் ஏற்புரை சொல்லலாம்னு அழைப்பிதழில் போட்டிருக்கீங்க. வாயால் சொல்லணும்னு போடலையே?" என்றேன்.

"பேசிடுங்களேன் அண்ணே, ரெண்டு வார்த்தை."

"பேசத் தெரிஞ்சிருந்தா நான் கண்டக்டராகியிருப்பேன் சார்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

முன் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி கேட்டிருக்கிறேன். ஏப்ரல் 18, சனிக்கிழமை.

உன் அப்பா,
மஞ்சளில் போகிறவன்

—

மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னால் வர முடியாது. லீவு கேட்டால் கிடைக்கும். அது காரணம் இல்லை. அந்த மாதிரி ஒரு அரங்கத்துக்குள் கால் வைக்க என்னால் ஆகாது. நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். வயர்களைக் கோத்த பிறகு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள்.

மகள்

—

ஏப்ரல் 20

அன்பு வாலுக்கு,

உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. அது காலியாகவே இருந்தது. வாசிக்கும்போது நான் அதைப் பார்க்கவும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

கடிகாரம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் மைக்கை நீட்டினார். நான் திரைக்குப் பின்னால் போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாற்காலியைப் போட்டு, பலகையை முன்னால் வைத்து, கிட்டாரை மாட்டி, வசதியாக உட்கார்ந்தேன். அரங்கமே வெடித்துச் சிரித்தது. ஒரே ஊளை. எனக்குப் புரியவில்லை. என் கண்டக்டர்தான் கடைசி வரிசையிலிருந்து கத்தினார்: "டேய், ஜனங்க இந்தப் பக்கம்டா!"

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்! முன்னால் மேடைச் சுவர், பின்னால் ஜனம். வீட்டிலும் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்துப் பழகினேன், தப்பென்று தோன்றவே இல்லை. கால் பெடலில் இருந்தால் ஜனம் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். என் உடம்புக்கு வேறு எதுவும் தெரியாது.

மேனேஜர் ஓடிவந்து, "திரும்புங்க அண்ணே, திரும்புங்க" என்றார். என்னவோ ஒரு வீம்பு வந்தது. மைக்கில் சொன்னேன்: "திரும்பமாட்டேன் சார். முப்பது வருஷம் இவங்களை இப்படி உட்கார வெச்சுத்தான் பத்திரமா கொண்டுபோய் இறக்கினேன். இன்னைக்கும் அப்படித்தான்."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கண்டக்டர், "ரைட், போலாம்!" என்று விசில் அடித்தார். மிதித்தேன்.

நன்றாகத்தான் கிளம்பியது. பாதியில், புகை விட்ட அந்த எக்கோ பெட்டி செத்துப்போனது. மொத்தமும் மௌனம். உனக்கு அந்த மௌனம் தெரியும். இரண்டாவது ஊளை வந்தது. அன்றைக்கு நீ ஓடியது தப்பே இல்லை கண்ணு. எனக்கும் கால் எழுந்துவிட்டது. ஆனால் வண்டி நடுவழியில் நின்றால் இறங்கி பானெட்டைத் திறப்பதுதான் எனக்குப் பழக்கம். மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஊளை விட்டவர்கள் பாதிப் பேர் மெக்கானிக்குகள். ஒருத்தன் குனிந்து வயரைத் தொட்டதும் அவர்கள் வாய் தானாக மூடிக்கொண்டது. ஸ்பீக்கர் வயரை எக்கோவிலிருந்து பிடுங்கி, நேராக உன் டிஸ்டார்ஷனில் சொருகினேன். மீதி வழியை அது ஒன்றை வைத்தே ஓட்டினேன். கரகரவென்று, அழகே இல்லாமல், கடைசி நிறுத்தம் வரைக்கும்.

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கெப்படித் தெரியும்? நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

உன் அப்பா,
இனி டிரைவரும் இல்லை, அதிகாரியும் இல்லை

—

மே 1

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேஜையிலிருந்து எடுக்கவே இல்லை. நீங்கள் சொன்ன மாதிரி அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஆபீஸில் அந்தப் பெண் மறுபடி, "நீ அந்தப் பொண்ணுதானே?" என்றாள். "ஆமா, அதுக்கென்ன?" என்றேன். இங்கே பக்கத்துத் தெருவில் மாடியில் சிலர் வாரக் கடைசியில் வாசிக்கிறார்கள். ஒரு கிட்டார் ஆள் தேவையாம்.

என் கிட்டாரைப் பார்சலில் அனுப்புங்கள். டிஸ்டார்ஷனையும்.

உங்கள் மகள்

—

மே 9

அன்பு வாலுக்கு,

கிட்டாரை அனுப்பமாட்டேன். விற்கச் சொன்னாய், விற்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். இனிமேல் அது என்னுடையது. நீ கோபப்படு, எனக்கென்ன.

ஆனால் ஒரு செய்தி. தடப் பலகை பஸ்ஸுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். பின்பக்கத்துப் பலகையையும் வாங்கி வந்து, துரு சுரண்டி, ஓரம் தேய்த்து, பட்டை ஒட்டி முடித்துவிட்டேன். பெட்டிகளுக்கு இடைவெளியை உன் கால் அளவுக்கே வைத்திருக்கிறேன். ஒன்றை மிதிக்கும்போது பக்கத்துப் பெட்டியில் இடிக்காது. அளவு எங்கே கிடைத்தது என்பாய். அன்றைக்கு நீ இறங்கி ஓடினபோது படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஒருத்தர் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை என்று எழுதினேனே, அது பொய்.

டிஸ்டார்ஷன் உன் பலகையில் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடாப்டர் புதிது, முள்ளின் உள்ளே மைனஸ், மூன்று முறை பார்த்தேன்.

இவற்றில் எதையும் பார்சலில் போடமாட்டேன். தொலைந்த பொருளை உரிமையாளர் நேரில் வந்து, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அறையை விட்டு வந்துவிட்டேனே தவிர, சட்டத்தை விடவில்லை. கிட்டார் வேண்டுமென்றால் அதையும் வந்து பிடுங்கிக்கொள். சுலபத்தில் கொடுக்கமாட்டேன்.

ஜன்னலுக்கு எதிரில் இப்போது இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். இரண்டும் அறைக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கின்றன. பிடிக்கவில்லை என்றால் வந்து திருப்பிப் போடு.

உன் அப்பா