தொலைந்துபோகத் தெரியாத பயணி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் நலம், கடையும் நலம். உன் அண்ணன் மட்டும் வழக்கம்போல முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் ‘சாப்ட்டேன், சாப்ட்டேன்’ என்று அவசரமாகச் சொல்கிறாய். அந்த அவசரத்திலேயே தெரிகிறது, சாப்பிடவில்லை என்று.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ ஒன்பது கேட்பாய், சொல்ல வந்ததே மறந்துபோகும். இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம். அந்த வெளிநாட்டில் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது, வந்து என்னோடு இருங்கள் என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் என்ன சொன்னேன்? ‘அவ்ளோ பெரிய ஏர்போர்ட்டுக்குள்ள என்னை விட்டா தொலைஞ்சு போயிடுவேன் தாயே, ஆளை விடு’ என்றேன். அந்தத் தொலைகிற விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

இந்த ஏர்போர்ட் கட்டடத்துக்கும் எனக்கும் உள்ள பகை உனக்குத் தெரியாததா? நாம் அதன் வாசலில் டீக்கடை போட்டபோது அது ஒற்றை மாடி, பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னது. பிறகு அதன் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டினார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நம்மைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் தள்ளினார்கள். பிறகு மேம்பாலம் வந்தது, நாம் பாலத்துக்கடியில் போனோம். அது வளர வளர நாம் நகர்ந்துகொண்டே இருந்தோம். வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதைக் கட்டியவர்கள் எல்லாரும் நம் கடையில்தானே டீ குடித்தார்கள்? வாய்விட்டுத் திட்டவும் மனசு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடி வாசலுக்கு உள்ளே நான் கால் வைத்ததே இல்லை. நீ புறப்பட்ட அன்றும் வெளியேதான் நின்றேன்.

இப்போது மூன்றாவது கட்டடமும் முடிந்துவிட்டது. திறப்பதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்பார்களாம். நிஜப் பயணிகளை விடுவதற்கு முன் எங்களைப் போலப் பொய்ப் பயணிகளை உள்ளே விட்டு, எங்கே கூட்டம் தேங்குகிறது, எங்கே ஆள் திணறுகிறான் என்று கவனிப்பார்கள். அக்கம்பக்கத்தில் ஆள் சேர்த்தார்கள். கூரையில் வெல்டிங் பார்த்தவர் என்ற செல்வாக்கில் உன் அண்ணன் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, ‘மாப்ளே, மத்தியானச் சாப்பாடு உண்டு, போயிட்டு வாங்க, கடையை நான் பாத்துக்கறேன்’ என்றார்.

உள்ளே ஆளுக்கொரு பொய் டிக்கெட், மணல் மூட்டை வைத்த ஒரு பெட்டி, நடிக்க வேண்டிய வேஷம் எழுதிய ஒரு சீட்டு. டைல்ஸ் போடும் நம் வாடிக்கைக்காரருக்குக் கோபக்காரப் பயணி வேஷம். மனுஷன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு கவுண்டரில் இருந்த பெண்ணை அழவைத்துவிட்டார். பிறகு அவரே மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். என் சீட்டில் என்ன தெரியுமா? மொழி தெரியாதவர், பலகை படிக்க வராது, யாரிடமும் கேட்கக் கூடாது, வழி தவற வேண்டும். அடப்பாவிகளா, என்னைக் கேட்டுத்தான் எழுதினீர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, நமக்குத் தெரிந்த வேலைதானே என்று தெம்பாகக் கிளம்பினேன். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். கண்ணைத் திறந்து கால் போன போக்கில் நடந்தால், நேரே என் டிக்கெட்டில் போட்டிருந்த கேட் முன்னால் போய் நிற்கிறேன்! திரும்பிப் போய்க் கழிவறைக்குள் நுழைந்து வேறு பக்கமாக வெளியே வந்தேன். மறுபடியும் அதே கேட். மாடிக்குப் போய்க் கடைகளுக்குள் புகுந்து வளைந்து வளைந்து நடந்தும் பார்த்தேன். கீழே இறங்கினால் அங்கேயும் அதே கேட் பல்லைக் காட்டுகிறது. கவனிக்க வந்த பையன் கடுப்பாகிவிட்டான். ‘அண்ணே, உங்களைத் தொலைஞ்சு போகச் சொன்னோம்ல? ஒழுங்கா பண்ணுங்கண்ணே’ என்கிறான். தொலைவதற்குக்கூடத் திட்டு வாங்கியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் வரைபட அம்மா வந்தார். நம் பெஞ்சில் வரைபடத்தை விரித்து, பறக்காமலிருக்க டீ கிளாஸை மேலே வைப்பாரே, சர்க்கரை வேண்டாம் என்பாரே, அவரேதான். கட்டடம் முழுக்க அவர் வரைந்ததாம்! நான் தொலையவில்லை என்று கேட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ‘பலகையைப் படிச்சு நடக்கிறவங்க கொஞ்சம் பேருதான். மத்தவங்க வெளிச்சம் பாத்துத்தான் நடப்பாங்க. மேல பாருங்க’ என்று காட்டினார். கூரைக் கம்பிகள் எல்லாம் சாலைப் பக்கமிருந்து ஓடுதளத்தை நோக்கியே ஓடுகின்றன. நுழையும் இடத்தில் தாழ்வாக, மங்கலாக இருக்கும் கூரை, போகப் போக உயர்ந்து வெளிச்சமாகிறது. தூண்களை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டதால் எங்கே நின்றாலும் எதிரே வானம் தெரிகிறது. பயந்தவன் இயல்பாகவே வெளிச்சத்தைத் தேடித்தான் போவானாம், அங்கேதான் விமானமும் நிற்கும். இதை யோசிக்க ஒரு மனசு வேண்டுமல்லவா? என் பழைய பகையில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

கடைசியாக விமானத்துக்குப் போகும் குழாய்ப் பாலத்தில் விட்டார்கள். டிக்கெட்டைக் கிழித்த பெண் பயணம் நல்லபடியாக இருக்கட்டும் என்றாள். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். முனையில் ஷட்டர் மூடியிருந்தது. விமானம் இல்லை. ஒத்திகைதானே, எங்கிருந்து வரும்? எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார்கள். எனக்குத் திரும்ப மனமில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போவதா என்று ஒரு கோபம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன்னிடம் வரவேண்டும் போல இருந்தது. அப்போது விமானம் நின்றிருந்தால் அந்த மணல் பெட்டியோடு ஏறியிருப்பேன்.

தொலைந்துவிடுவேன் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் பயம் அது ஒன்று மட்டுமில்லை. நீ டூட்டிக்குப் போனபின் தெரியாத ஊரில், அந்த வீட்டில், நான் யார் என்ற பயமும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நீ களைத்து வரும்போது சூடாக ஒரு டீ போட்டு வைக்கத் தெரியும், மற்றதைப் பழகிக்கொள்வேன். முட்டி ஒத்துழைக்காததால் உன் அண்ணன் இனி உயரத்தில் ஏறப்போவதில்லை, கடையைத் தானே நடத்துகிறேன் என்கிறார். அவர் போடும் டீயை வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் ஒத்திகை அன்றைக்கு அவர் கடையைப் பார்த்தபோது கூட்டம் குறையவில்லை, எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

கடைசியாக ஒன்று. முன்பெல்லாம் போனை வைக்கும் முன் ‘எப்பங்க வர்றீங்க’ என்று கேட்பாய். கொஞ்ச நாளாக அங்கத்திய குளிரைப் பற்றிப் பேசுகிறாய், புது வார்டைப் பற்றிப் பேசுகிறாய், அதை மட்டும் கேட்பதில்லை. நீ கேட்பாய் என்று நானும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ வைத்துவிடுகிறாய். உன்மேல் தப்பில்லை, எத்தனை தடவைதான் ஒருத்தி கேட்பாள்?

இன்னும் ஒரே ஒரு தடவை கேளேன், அம்மா. நீ கேட்டு முடிக்கும் முன்பே சரி என்று சொல்லிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லா இரு.

உன் போனுக்குக் காத்திருக்கும்
டீக்கடைக்காரன்